பழைய கேள்வியையும் ஆய்வேடாக ஏற்றுக்கொள்ளுங்கள்: முதுநிலை உளவியல் கல்விக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக் குழு உறுப்பினர்களுக்கும் நெறியாளர்களுக்கும்,

வணக்கம். உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, பின்னர் சில ஆண்டுகள் ஆய்வு மாணவியாக இருந்து, இப்போது பிறருடைய ஆய்வேடுகளைப் படித்து மதிப்பெண் இடும் இடத்தில் இருப்பவள் நான். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான் உண்டு. முன்பே வெளிவந்த ஓர் ஆய்வை அதே முறையில், போதுமான ஆட்களைக் கொண்டு மீண்டும் செய்து பார்க்கும் மறுசெய்கை ஆய்வை, முதுநிலை ஆய்வேடாக முழு மதிப்புடன் ஏற்றுக்கொள்ளுங்கள்; அந்த ஆய்வேட்டுக்குரிய மதிப்பெண்ணில் பெரும்பகுதியைத் தரவு திரட்டும் முன்பே, ஆய்வுத் திட்டத்தைப் பார்த்து இட்டுவிடுங்கள். ஒரே கோரிக்கை என்று சொல்லிவிட்டு இரண்டைக் கேட்பதாகத் தோன்றலாம். இரண்டாவது இல்லாமல் முதலாவது நிலைக்காது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

பிறருடைய ஆய்வேடுகளைக் குறை கூறுவதைவிட என்னுடையதிலிருந்து தொடங்குவதே நேர்மை. இறுதியாண்டில் 62 மாணவர்களிடம் ஐந்து வினாத்தாள்களைக் கொடுத்தேன்: முழுநிறைவு நாட்டம், தள்ளிப்போடும் பழக்கம், தன்மதிப்பு, தனிமையுணர்வு, உறக்கத் தரம். முழுநிறைவை நாடுபவர்கள் வேலையைத் தள்ளிப்போடுவார்கள் என்பது என் கருதுகோள். தரவு அப்படிச் சொல்லவில்லை. நெறியாளரிடம் சென்றபோது அவர் கோபிக்கவில்லை, பொய் சொல்லவும் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள்" என்று மட்டும் கனிவாகச் சொன்னார். தோண்டினேன். ஆண், பெண் என்று பிரித்தேன். விடுதியில் தங்குவோர், வீட்டிலிருந்து வருவோர் என்று பிரித்தேன். இரண்டையும் சேர்த்துப் பிரித்தேன். மற்றவர்களிடமிருந்து மிகவும் விலகி நின்ற இருவரை நீக்கினேன். கடைசியில் விடுதியில் தங்கும் 29 பெண்களிடம் தனிமையுணர்வுக்கும் தள்ளிப்போடும் பழக்கத்துக்கும் இடையே 0.41 என்ற ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை -1 முதல் 1 வரை காட்டும் எண்) கிடைத்தது; உண்மையில் உறவே இல்லாதபோதும் இவ்வளவு வலுவான எண் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு 0.03. அந்த முடிவைத்தான் தொடக்கத்திலிருந்தே எதிர்பார்த்தேன் என்பதுபோல முன்னுரையைத் திருத்தி எழுதினேன். ஆய்வேடு பாராட்டுப் பெற்றது.

அன்று எனக்கு யாரும் போட்டுக் காட்டாத கணக்கு ஒன்று உண்டு. ஐந்து வினாத்தாள்களிலிருந்து பத்து இணைகள் கிடைக்கும். மொத்தக் குழு ஒன்று, பாலினப்படி இரண்டு, தங்குமிடப்படி இரண்டு, இரண்டையும் சேர்த்தால் நான்கு என ஒன்பது விதமாக ஆட்களைப் பார்க்கலாம். ஆக மொத்தம் 90 ஒட்டுறவுகள். எந்த இரண்டுக்கும் உண்மையில் எந்த உறவும் இல்லாவிட்டாலும்கூட, பி-மதிப்புக்கு வழக்கமான 0.05 என்ற எல்லையை வைத்துக்கொண்டால் சராசரியாக நான்கைந்து ஒட்டுறவுகள் தற்செயலாகவே அந்த எல்லைக்குள் வந்து விழும். ஆட்களை நீக்கிப் பார்த்ததை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வேலைக்காக அதே வினாத்தாள்களை 240 பேரிடம் கொடுக்க நேர்ந்தது. ஆவல் தாங்காமல் அதே ஒட்டுறவை அதே வகைப் பெண்களிடம் கணக்கிட்டுப் பார்த்தேன். 0.04 என்று வந்தது.

இது ஒரு மாணவியின் தனிப்பட்ட தவறு என்றால் உங்களுக்கு மடல் எழுத வேண்டிய தேவையில்லை. நான் படித்த துறையே இதே தவறை நெடுங்காலம் செய்துவந்திருக்கிறது, அதை அறிந்தும் வந்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டிலேயே ஸ்டெர்லிங் என்பவர் நான்கு உளவியல் இதழ்களை எடுத்துப் பார்த்து, புள்ளியியல் சோதனை செய்த கட்டுரைகளில் 97 விழுக்காடு, "எந்த விளைவும் இல்லை" என்னும் இன்மைக் கருதுகோளை நிராகரித்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். மூன்றாண்டுகள் கழித்து ஜேக்கப் கோஹன், ஒரு முன்னணி இதழின் 1960-ஆம் ஆண்டுக் கட்டுரைகளை ஆராய்ந்து, நடுத்தர அளவிலான ஒரு விளைவு உண்மையிலேயே இருந்தாலும் அந்த ஆய்வுகள் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சராசரியாக 0.48-தான் என்று காட்டினார். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றுக் குறைவு. கண்டுபிடிக்கப் பாதி வாய்ப்புகூட இல்லாதவர்கள் நூற்றுக்கு 97 முறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள் என்றால் இடையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய புள்ளியியல் அறிவு தேவையில்லை. 1989-இல் ஸெட்ல்மையரும் கிகெரன்ஸரும் மீண்டும் பார்த்தபோது விளைவைக் கண்டுபிடிக்கும் அந்த வாய்ப்பு உயர்ந்திருக்கவில்லை.

2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் ஆகிய மூவரும் வேண்டுமென்றே ஓர் அபத்தத்தை நிரூபித்துக் காட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்கள், அதைக் கேட்டதாலேயே, ஒன்றரை வயது இளையவர்களாகிவிட்டார்கள் என்பது அவர்களுடைய "முடிவு". எண்கள் எதையும் புனையவில்லை; எதை அளப்பது, எவரைச் சேர்ப்பது, எப்போது நிறுத்துவது என்று ஆய்வாளர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சுதந்திரங்களை மட்டும் பயன்படுத்தினார்கள். அத்தகைய நான்கு சுதந்திரங்கள் ஒன்றுசேர்ந்தால், இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டும் பொய்யான நேர்முடிவு கிடைக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டிலிருந்து 61 விழுக்காடு வரை ஏறிவிடும் என்றும் காட்டினார்கள். அந்தக் கட்டுரையை முதன்முறை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆய்வேட்டின் முறையியல் இயலை வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது. 2015-இல் 270 ஆய்வாளர்கள் சேர்ந்து 100 உளவியல் ஆய்வுகளை மறுசெய்கை செய்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றிருந்தன, அதாவது பி-மதிப்பு 0.05 என்ற எல்லைக்குள் இருந்தது. மறுசெய்கையில் 36 விழுக்காடுதான் பெற்றன. விளைவின் அளவும் சராசரியாகப் பாதியாகக் குறைந்திருந்தது.

இவை அனைத்தும் இப்போது பாடத்திட்டத்தில் இருக்கின்றன. மறுசெய்கை நெருக்கடி என்ற தலைப்பில் முதல் பருவத்தில் ஒரு வாரம் பாடம் நடத்துகிறோம், தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியும் கேட்கிறோம். மூன்றாம் பருவத்தில் அதே மாணவர் ஆய்வு முன்மொழிவை எடுத்துக்கொண்டு வரும்போது, "இதில் என்ன புதுமை?" என்று கேட்கிறோம். முன்மொழிவுப் படிவத்திலேயே "ஆய்வு இடைவெளி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப மாணவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான்: யாரும் இதுவரை சேர்த்துப் பார்க்காத இரண்டு மாறிகளை எடுத்துக்கொள்வது, அல்லது எல்லோரும் பார்த்த மாறிகளை யாரும் பார்க்காத ஒரு சிறு பிரிவினரிடம் கொண்டுபோவது. இடக்கை நூலகர்களின் தன்மதிப்பையும் காலணி அளவையும் சேர்த்து யாரும் ஆராயவில்லைதான். அதை இடைவெளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஏறக்குறைய அந்தத் தரத்திலான இடைவெளிகளுக்கு நானே ஒப்புதல் கையெழுத்திட்டிருக்கிறேன்.

காலத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு முதுநிலை மாணவருக்கு ஆய்வேட்டுக்குக் கிடைப்பது ஆறு முதல் ஒன்பது மாதம். அறநெறிக் குழுவின் ஒப்புதலுக்கும் எழுதுவதற்கும் போக, தரவு திரட்ட எஞ்சுவது இரண்டு மாதங்களே. ஆளுமை, சமூக உளவியல் துறைகளில் நாம் தேடும் உறவுகள் பெரும்பாலும் 0.2 அளவிலானவை. அப்படிப்பட்ட ஓர் ஒட்டுறவை 80 விழுக்காடு உறுதியுடன் கண்டறிய ஏறத்தாழ 194 பேர் தேவை. இரண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனை என்றால், நடுத்தர விளைவுக்கே (குழுச் சராசரிகளின் வேறுபாடு திட்ட விலக்கத்தில் பாதி, அதாவது 0.5) குழுவுக்கு 64 பேர் வேண்டும். விளைவு சற்றுச் சிறியதாக, 0.4 அளவில் இருந்தால் குழுவுக்கு நூறு பேர். ஓர் ஒட்டுறவின் அளவு ஆட்டம் நின்று நிலைபெறுவதற்குப் பொதுவாக 250 பேர் வரை தேவைப்படும் என்று ஷோன்ப்ரோட், பெருஜினி இருவரும் 2013-இல் காட்டியிருக்கிறார்கள். அறுபது பேரை வைத்துக்கொண்டு புதிய உண்மையைக் கொண்டுவா என்று நாம் கேட்பது, மாணவரைத் தோண்டச் சொல்வதற்குச் சமம், அந்தச் சொல்லை நாம் வாயால் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

மறுசெய்கை இந்த முட்டுக்கட்டையை உடைக்கிறது. ஒரே வகுப்பில் படிக்கும் ஐந்து மாணவர்கள் ஒரே மூல ஆய்வை எடுத்துக்கொண்டு, ஒரே திட்டத்தின்படி, ஆளுக்கு நாற்பது பேரிடம் தரவு திரட்டினால் 200 பேர் கிடைக்கிறார்கள். முதன்மைக் கேள்வி ஐவருக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொருவரும், தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்த துணைக் கேள்வி ஒன்றைத் தனக்கென வைத்துக்கொள்ளலாம். ஆய்வேட்டையும் தனித்தனியாகவே எழுதலாம். ஆய்வுமுறை வகுப்புகளில் மாணவர்களைக் கொண்டு மறுசெய்கை செய்வது கற்பித்தலுக்கும் துறைக்கும் ஒருசேரப் பயன்படும் என்று மைக்கேல் ஃபிராங்க், ரெபெக்கா சாக்ஸ் இருவரும் 2012-லேயே வாதிட்டார்கள். பல பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஒரே ஆய்வைப் பகிர்ந்து செய்யும் ஏற்பாடுகளும் நடைமுறையில் இருக்கின்றன. நான் கேட்பது புதிய பரிசோதனை ஒன்றும் இல்லை.

இந்தக் கோரிக்கையைப் பேசத் தொடங்கியதும் முதலில் வரும் மறுப்பு, "அப்படியானால் இது நகலெடுப்புதானே, மாணவரின் சொந்தச் சிந்தனை எங்கே?" என்பது. ஒரு மறுசெய்கையையாவது முழுமையாகச் செய்தவர்கள் இதைக் கேட்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். "அதே முறையில்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்வதிலேயே ஒரு பருவம் கழிந்துவிடும். மூலக் கட்டுரையின் முறையியல் பகுதி இரண்டு பக்கம் இருக்கும். பங்கேற்பாளரை வரவேற்றவர் யார், அறிவுறுத்தல் எழுத்தில் தரப்பட்டதா, வாயால் சொல்லப்பட்டதா, விடை தராத கேள்விகளை என்ன செய்தார்கள் என்பவை அதில் இருக்கமாட்டா. மாணவர் மூல ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். விடை வராவிட்டால் தானே முடிவெடுத்து, அந்த முடிவுக்குக் காரணமும் எழுத வேண்டும். எந்த விவரம் அந்தக் கோட்பாட்டுக்கு உயிரானது, எது தற்செயலானது என்று பிரித்தறிவதைவிடப் பெரிய கோட்பாட்டுப் பயிற்சி எது என்று எனக்குத் தெரியவில்லை.

வேறொரு மொழியில் உருவான அளவுகோலைப் பயன்படுத்துபவருக்கு இந்த வேலை இன்னும் ஆழமாகிறது. மனச்சோர்வை அளக்கும் பழைய ஆங்கில வினாத்தாள்களில் துயரத்தைக் குறிக்க நீல நிறத்தின் பெயர் வருகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருளே இல்லை; "சோகமாக இருக்கிறேன்" என்று பெயர்த்தால் செறிவு குறைகிறது; "நெஞ்சு கனக்கிறது" என்றால் மூலத்தில் இல்லாத உடல் உணர்வு ஒன்று உள்ளே நுழைகிறது. ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மீண்டும் மூல மொழிக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிடும் முறையைப் பிரிஸ்லின் 1970-இல் விளக்கி வைத்தார். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஒரு பிற்பகலில் நண்பரைக் கொண்டு முடித்தும் விடுகிறோம். பின்னர் உள்ளிசைவைக் காட்டக் கிரோன்பாக் ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டிவிட்டது என்று ஒரு வரி எழுதுகிறோம். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இரண்டு மொழிகளிலும் ஒரே பொருளை அளக்கின்றனவா என்பதை அது சொல்வதில்லை. ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் சில முன்னணி உளவியல் இதழ்களை ஆராய்ந்து, பங்கேற்பாளர்களில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும், அந்நாடுகளின் மக்கள்தொகை உலகத்தில் 12 விழுக்காடுதான் என்றும் காட்டினார். ஓர் ஆய்வு எடுக்கப்பட்ட இடத்துக்கு வெளியே அது நிற்கிறதா என்று பார்ப்பது இத்துறையின் மிகப் பெரிய திறந்த கேள்வி. அதைச் செய்ய முன்வரும் மாணவரிடம் "புதுமை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

இரண்டாவது மறுப்பு மருத்துவ உளவியல் பக்கத்திலிருந்து வருவது: எங்கள் மாணவர்கள் ஆலோசகர்களாகப் போகிறவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? அறிவியலாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயிற்ற வேண்டும் என்று 1949-இல் அமெரிக்காவில் நடந்த போல்டர் மாநாடு வகுத்த பாதையை இன்றும் பெரும்பாலான பாடத்திட்டங்கள் தங்கள் முகவுரையில் ஏந்தி நிற்கின்றன. சிகிச்சையாளர் தம் வாழ்நாளில் புதிய ஆய்வு எதுவும் செய்யாமல் போகலாம். ஆனால் ஆண்டுதோறும் புதிய சிகிச்சை முறை ஒன்று அவர் மேசைக்கு வரும். கட்டுப்பாட்டுக் குழு என்ன செய்துகொண்டிருந்தது, இடையில் எத்தனை பேர் விலகினார்கள், அவர்களை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள் என்று கேட்கும் கண், பிறர் ஆய்வை ஒரு முறையாவது கழற்றிப் பூட்டியவருக்குத்தான் வரும்.

இனி, மதிப்பெண்ணைத் திட்டத்துக்கு இடுவது ஏன் அவசியம் என்பதைச் சொல்கிறேன். மறுசெய்கையை அனுமதித்துவிட்டு, முடிவைப் பார்த்து மதிப்பெண் இடும் பழக்கத்தை மாற்றாமல் விட்டால் மாணவர் மறுபடியும் தோண்டத்தான் போகிறார். மூல ஆய்வோடு ஒத்துப்போகாத முடிவு வந்தால் "நீ சரியாகச் செய்யவில்லை" என்று சொல்லிவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு இருக்கும். அந்த அச்சம் நியாயமானதும்கூட. இதழ்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. கார்ட்டெக்ஸ் இதழ் 2013-இல் தொடங்கிய முறையில், கேள்வியையும் திட்டத்தையும் மட்டும் பார்த்துக் கட்டுரையை ஏற்றுக்கொள்கிறார்கள். முடிவு எதுவாக வந்தாலும் வெளியிடுகிறார்கள். இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் இதைப் பின்பற்றுகின்றன. ஷீல் முதலானோர் 2021-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 விழுக்காட்டில் முதல் கருதுகோள் பலித்திருந்தது; இப்படித் திட்டத்தைப் பார்த்தே ஏற்கப்பட்ட கட்டுரைகளில் 44 விழுக்காட்டில்தான் பலித்தது. ஆசிரியர் குழுக்கள் தங்களுக்குச் செய்துகொண்ட இந்த நியாயத்தை மாணவருக்கும் செய்யலாம். நூற்றுக்கு அறுபது மதிப்பெண் திட்டத்துக்கு, மீதி அதை நிறைவேற்றிய ஒழுங்குக்கும் எழுத்துக்கும் என்று பிரித்தால், பி-மதிப்பு எவருடைய பட்டத்தையும் தொடாது. அறுபதா ஐம்பதா என்பது உங்கள் விருப்பம். அதில் எனக்குப் பிடிவாதமில்லை.

நெறியாளர்களின் சுமையை அறியாமல் பேசவில்லை. கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்தே அவர்களுடைய பணி உயர்வு முடிவாகிறது; மாணவரின் ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரை வந்தால் இருவருக்கும் நன்மை. ஆனால் அந்த உறவில் "வேண்டாம்" என்று சொல்லும் வலு ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் 2011-இல் வெளியான டீடெரிக் ஸ்டாப்பெல் மோசடியில், அவர் தாமே புனைந்த தரவுகளைத் தம் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கொடுத்து ஆய்வேடு எழுத வைத்திருந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அத்துறையின் இளம் ஆய்வாளர்களே. என் நெறியாளரை அவரோடு ஒப்பிடுவது பெரும் அநீதி. அவர் நல்லவர், எனக்கு நன்மையையே நினைத்தார். நல்லவர் ஒருவரின் கனிவான சொல்லுக்கும் மறுப்புச் சொல்ல முடியாத இடத்தில் நான் இருந்தேன் என்பதைத்தான் குறிப்பிடுகிறேன்.

ஆய்வு மாணவர்களின் மனநலம் பற்றி 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரில் 39 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையான மனச்சோர்வு காணப்பட்டது. பெரும்பாலோர் முனைவர் பட்ட மாணவர்கள். தாமாக முன்வந்து விடை தந்தவர்கள். ஆகவே அந்த எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்துவது நான் இதுவரை குறைகூறிய அதே தவறாகிவிடும். எனினும் தன் கையில் இல்லாத ஒரு முடிவை எதிர்பார்த்து இரவெல்லாம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்கு மறக்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மடலை விவாதிக்கும் முன்பு உங்களிடம் பத்து நிமிடம் கேட்கிறேன். கணினியில் 62 வரிசைகளும் ஐந்து நிரல்களும் கொண்ட தற்செயல் எண்களை உருவாக்குங்கள். ஆறாவது நிரலில் ஆண், பெண் என்றும், ஏழாவதில் விடுதி, வீடு என்றும் நாணயத்தைச் சுண்டி நிரப்புங்கள். பிறகு அந்த 90 ஒட்டுறவுகளையும் கணக்கிட்டு, 0.05-க்குக் கீழே வந்தவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு முறை இரண்டு வரும், ஒரு முறை எட்டு வரும். அவற்றில் ஏதேனும் ஒன்றை எடுத்து, அதற்கு ஓர் ஆய்வு இடைவெளியையும் ஒரு பக்க முன்னுரையையும் உங்களால் எழுத முடிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு என் கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி ஒருத்தி